கால் முக்கியமா, கார்பன் முக்கியமா? ₹1.5 லட்சத்தை எங்கே போடலாம்

#1 – புதுச்செயின்

வணக்கம். விவரத்தை முதல்லயே கொட்டிடறேன், அப்புறம் ஒவ்வொண்ணா கேட்க வேண்டாம்.

என் எடை 76 கிலோ. வண்டி அலுமினிய ரோடு சைக்கிள், ரிம் பிரேக், 10.2 கிலோ. ஷிமானோ 105 ஆர்7000 கியர் செட், முன்னால 52/36 பல்லு, பின்னால 11-28. டயர் வண்டியோட வந்த 25 மி.மீ. வயர் பீட் (கம்பி விளிம்பு வெச்ச சாதா டயர்). ஹெல்மெட், ஷூ, ரெண்டு பாட்டில் எல்லாம் சேர்த்தா மொத்தம் 90 கிலோ. 20 நிமிட டெஸ்ட்ல 215 வாட், ஆக எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கற வாட்) 204. ஈ.சி.ஆர்.ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) காத்தில்லாத காலையில தனியா போனா 30 கி.மீ. வேகத்துல நிக்குது. மலையில 9% வந்தா கேடன்ஸ் (நிமிஷத்துக்கு மிதிக்கற சுத்து) 50-க்கு இறங்கிடுது.

கையில ₹1.5 லட்சம் இருக்கு. 8.2 கிலோ கார்பன் வண்டி ஒண்ணு பழசுல கிடைக்குது. பாதிப் பேர் "வண்டிய மாத்து"ங்கறாங்க, மீதிப் பேர் "காலை மாத்து"ங்கறாங்க. தத்துவம் வேண்டாம், எண் வேணும்.

#2 – வாட்கணக்கு

எண் கேட்டீர்கள், எண்ணே தருகிறேன். மொத்த எடை 90 கிலோ, 7% சாய்வு, 10 கி.மீ. ஏற்றம், பெடலில் 200 வாட், செயினில் 3% இழப்பு என்று வைத்துக்கொண்டால்:

இப்போதுள்ள வண்டியில் 58 நிமிடம் 53 விநாடி.
8.2 கிலோ கார்பனில் 57 நிமிடம் 39 விநாடி.
இதே பழைய வண்டியில் 220 வாட் மிதித்தால் 53 நிமிடம் 46 விநாடி.

அதாவது 2 கிலோவுக்கு 74 விநாடி, 20 வாட்டுக்கு 5 நிமிடத்துக்கு மேல். அந்த 2 கிலோ ஃப்ரேமிலிருந்து குறைந்ததா, இடுப்பிலிருந்து குறைந்ததா என்று மலை கேட்காது.

இப்போது சமதளம். 30 கி.மீ. வேகத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 183 வாட். அதில் 126 வாட் காற்றுக்கு, 51 வாட் டயருக்கு, மீதி செயினுக்கு. 2 கிலோ குறைத்தால் சமதளத்தில் மிச்சமாவது ஒரே ஒரு வாட். லட்ச ரூபாய் கொடுத்து வாங்கும் ஒரு வாட்.

ஆனால் வயர் பீட் டயரைக் கழற்றிவிட்டு நல்ல 28 மி.மீ. டயர் போட்டு, முழங்கையை மடக்கி, காற்றில் படபடக்கும் ஜெர்சியை மாற்றினால் அதே 183 வாட்டில் வேகம் 32-ஐத் தாண்டும். உருளும் தடைக் கெழு 0.007-லிருந்து 0.0045-க்கும், காற்றுத் தடைப் பரப்பு 0.38 சதுர மீட்டரிலிருந்து 0.34-க்கும் இறங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சாலை சொரசொரப்பாக இருந்தால் இரண்டு டயருக்குமே கெழு ஏறும்.

எனவே "வண்டி" என்று மொத்தமாகப் பேசுவதில் அர்த்தமில்லை. ஃப்ரேம் வேறு, டயர் வேறு.

#3 – நாலுமணி_அலாரம்

> 30 கி.மீ. வேகத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 183 வாட்

இந்த ஒரு வரியிலேயே முழு நோயும் இருக்கு தம்பி. உங்க எஃப்டிபி 204. 183-ன்னா அதுல 90%. நீங்க "சும்மா ஒரு ரவுண்டு"ன்னு ஈ.சி.ஆர்.ல போறது ஒவ்வொண்ணும் அரைகுறை த்ரெஷோல்டு ரைடு, அதாவது எஃப்டிபியை ஒட்டின ரைடு. லேசாவும் இல்லை, கடினமாவும் இல்லை. அதுக்கப்புறம் இன்டர்வெல் (கடினமா, ஓய்வா மாத்தி மாத்தி மிதிக்கறது) செய்ய வேண்டிய நாள்ல கால் செத்துப் போயிருக்கும். வருஷக்கணக்கா ஒரே எண்ல நிக்கறவங்க முக்கால்வாசிப் பேர் இந்தக் குழியிலதான் கிடக்கறாங்க.

12 வாரத்துக்கு வாரம் நாலு ரைடு போதும்.

செவ்வாய்: 15 நிமிஷம் வார்ம்-அப், அப்புறம் 20 நிமிஷம் 180–192 வாட், 5 நிமிஷம் ஓய்வு, திரும்ப 20 நிமிஷம். முதல் நாலு வாரம் இதுதான். அஞ்சாவது வாரத்திலேருந்து 4 நிமிஷம் 216–235 வாட், 4 நிமிஷம் ஓய்வு, இப்படி அஞ்சு தடவை. நாலாவது தடவையில 216-ஐப் பிடிக்க முடியலைன்னா அன்னிக்கு அத்தோட நிறுத்திடுங்க. அஞ்சாவதை 190-ல இழுத்து முடிக்கறதுல ஒரு பலனும் இல்லை.

வியாழன்: 20 நிமிஷம் ஒண்ணு மட்டும், மீதி லேசா.

சனி: 60 நிமிஷம், 114–153 வாட்டுக்குள்ள.

ஞாயிறு: 3 மணி நேரம், அதே 114–153. சராசரி 140-ன்னு பார்த்தா வேகம் 27-க்கு இறங்கும். யாராவது ஓவர்டேக் பண்ணா விட்டுடுங்க. இதுதான் இருக்கறதுலயே கஷ்டமான பயிற்சி!

நாலாவது, எட்டாவது வாரம் மொத்த நேரத்தை 40% குறைக்கணும். முறையான பயிற்சியே செய்யாதவருக்கு இதுல 20 வாட் ஏறறது ஒண்ணும் அதிசயமில்லை. டெஸ்ட் எடுக்கறப்போ முன்னாடி எடுத்த அதே நேரம், அதே வெயில்ல எடுங்க. மே மாசம் மதியம் எடுத்துட்டு "ஃபிட்னஸ் இறங்கிடுச்சு"ன்னு புலம்பினா அது வெயிலோட எண், உங்க எண் இல்லை.

#4 – பழைய_வெலோட்ரோம்

"எல்லாம் கால்தான்" என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரே ஒரு மனிதரைப் பாருங்கள். பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் கிறிஸ் போர்ட்மன்.

1996-இல் மான்செஸ்டர் வெலோட்ரோமில் (சைக்கிள் பந்தய ஓடுதளம்) ஒரு மணி நேரத்தில் 56.375 கி.மீ. கைகளை முன்னால் நீட்டிய 'சூப்பர்மேன்' நிலை, கார்பன் வண்டி. பிறகு யூசிஐ (உலக சைக்கிள் பந்தய அமைப்பு) விதியை மாற்றி, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972-இல் ஓட்டிய மாதிரி வண்டிதான் செல்லும் என்றது: வட்டக் குழாய், ஸ்போக் சக்கரம், வளைந்த ஹேண்டில்பார். 2000-இல் அதே போர்ட்மன், அதே மான்செஸ்டர். 49.441 கி.மீ. மெர்க்ஸின் 49.431-ஐ வெறும் 10 மீட்டரில் தாண்டினார்.

ஆள் ஒருவர், தளம் ஒன்று, வித்தியாசம் 6.934 கி.மீ. எந்தப் பயிற்சித் திட்டம் 7 கி.மீ. தரும்?

இதற்கும் முன்னால் போனால் 1933. ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சு வீரர், முதல் வரிசைக்காரர் அல்ல. மோஷே வடிவமைத்த, படுத்தபடி மிதிக்கும் வெலோகார் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கி.மீ. ஓட்டி, 1914-லிருந்து நின்ற ஆஸ்கர் எக்கின் 44.247-ஐ உடைத்தார். யூசிஐ என்ன செய்தது? 1934-இல் அந்த வகை வண்டியையே பந்தயத்திலிருந்து தள்ளிவைத்தது. யூசிஐயின் 1996 லுகானோ சாசனத்திலும் மனிதன்தான் முதலில், எந்திரம் பிறகு என்ற கொள்கைதான். 2000-லிருந்து 6.8 கிலோ என்ற குறைந்தபட்ச எடை. கருவி பொருட்டில்லை என்றால் இத்தனை வேலி எதற்கு? பூனை வரும் என்று தெரிந்ததால்தானே பாலுக்கு மூடி போடுகிறார்கள்.

#5 – வாட்கணக்கு

> ஆள் ஒருவர், தளம் ஒன்று, வித்தியாசம் 6.934 கி.மீ.

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதில் பெரும்பங்கு வண்டி இல்லை, உடம்பு கிடந்த கோணம். சாலையிலும் காற்றுத் தடையில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டுபவரின் உடம்புதான். நான்கு வருட இடைவெளியில் அவர் உடல்நிலையும் ஒன்றாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000-இல் அவர் ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார்.

மறுபக்கச் சோதனையும் நடந்திருக்கிறது. 2022 ஆகஸ்ட் 19, சுவிட்சர்லாந்தின் கிரென்ஹென் வெலோட்ரோம்: டான் பிகம் ஒரு மணி நேரத்தில் 55.548 கி.மீ. அவர் அப்போது இனியோஸ் சைக்கிள் அணியின் பொறியாளர், காற்றியக்கவியல்தான் தொழில். 50 நாள் கழித்து, அக்டோபர் 8, அதே தளம், அதே வகை பினரெல்லோ வண்டி, அதே அணியின் வேலைப்பாடு. மேலே ஏறியது இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா. 56.792. வண்டியும் அறிவும் சமமான பின் எஞ்சின், அதாவது கால், தந்தது 1.244 கி.மீ.

#6 – பழைய_வெலோட்ரோம்

அதையேதான் நானும் சொல்கிறேன்! கருவியும் நிலையும் 7, எஞ்சின் 1.2.

#7 – நாலுமணி_அலாரம்

சார், பிகம் ஒண்ணும் சோப்ளாங்கி இல்லையே. உலகச் சாதனை ஓட்டற ரெண்டு பேருக்கு நடுவுல 1.2. நம்ம தம்பியைக் கன்னாவோட வண்டியில உட்கார வெச்சா 204 வாட்ல என்ன வரும்? உச்சியில எல்லார் காலும் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால அங்க வண்டி பேசும். கீழ காலுக்குக் காலு நூறு வாட் வித்தியாசம், அங்க வண்டி வாயைத் திறக்கவே முடியாது. உலகச் சாதனையை எடுத்துட்டு வந்து ஈ.சி.ஆர்.காரருக்குப் புத்தி சொல்லாதீங்க.

#8 – பட்டறைக்காரன்

மூணு பேரும் எட்டத்துல நின்னு சண்டை போடறீங்க. அவர் எழுதினதுல முக்கியமான வரிய யாரும் தொடலை: *9%-ல கேடன்ஸ் 50.*

36/28-ன்னா ஒரு சுத்துக்கு வண்டி 2.7 மீட்டர் போகும். 9%-ல 200 வாட்டுக்கு அவர் வேகம் 8.2 கி.மீ. கணக்குப் போட்டா 50 ஆர்.பி.எம்.தான் வரும். அவர் கால் பலவீனமில்லை, கியர் தீர்ந்துபோச்சு. 50-ல மிதிச்சா ஒவ்வொரு மிதிக்கும் அழுத்தம் கூடும், தொடை சீக்கிரம் கருகும், முட்டி பேசும். 11-34 போட்டா அதே வேகத்துல 61 வரும். 34 சின்ன ரிங்குல இன்னும் கொஞ்சம் கூடும், ஆனா 52/36 கிராங்க்ல 36-ஐ மட்டும் 34 ஆக்காதீங்க. 18 பல் வித்தியாசத்துல செயின் ஏற அடம் பிடிக்கும், உள்பக்கம் விழும்.

கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) மாத்தறதுல கவனிக்க வேண்டியது:

முதல்ல பின் டிரெய்லியரோட (ஆர்.டி., பின்னால செயினை கியர் மாத்தற கருவி) உள்பக்கம் பாருங்க, எஸ்.எஸ்.ஸா (குட்டைக் கை) ஜி.எஸ்.ஸான்னு (நீளக் கை) எழுதியிருக்கும். ஆர்7000 எஸ்.எஸ். 30 பல்லு வரைக்கும்தான். ஜி.எஸ்.னா 34. மொத்தக் கொள்ளளவும் பாக்கணும்: முன்னால 52-36 = 16, பின்னால 34-11 = 23, கூட்டினா 39. ஜி.எஸ். சரியா 39 தாங்கும். எஸ்.எஸ். 35 வரைக்கும்தான். உங்களுக்கு 11-28 வந்திருக்கறதால எஸ்.எஸ்.ஸா இருக்க வாய்ப்பு அதிகம், அப்ப ஆர்.டி.யும் மாத்தணும். "ஹேங்கர் எக்ஸ்டெண்டர் (ஆர்.டி.யைக் கீழ இறக்கற துண்டு) போட்டு ஓட்டலாம்"னு சொல்லுவாங்க. ஓடும். கொள்ளளவு மட்டும் கூடாது, சின்ன-சின்னதுல செயின் தொங்கும்.

ஷிமானோ 11-ஸ்பீடு 11-34 கேசட் (எச்ஜி700, எச்ஜி800) 11-ஸ்பீடு ரோடு ஹப்புல போறப்ப பின்னாடி 1.85 மி.மீ. ஸ்பேசர் போடணும். பெட்டியில அது வரும். நிறைய பேர் அதைத் தூக்கிப் போட்டுட்டு, லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டர் முறுக்கினதுக்கப்புறமும் கேசட் லொடலொடங்குதுன்னு வருவாங்க.

செயின் புதுசு வாங்கணும். 28-க்கு வெட்டின செயின் 34-க்குப் பத்தாது. பத்தாத செயினோட பெரிய-பெரியதுல போட்டீங்கன்னா ஆர்.டி. பிய்ஞ்சு ஸ்போக்குக்குள்ள போகும், ஹேங்கரும் கூடவே. அளவு எடுக்க: ஆர்.டி.யில கோர்க்காம 52-லயும் 34-லயும் சுத்தி, முனை சேர்ற இடத்துல ரெண்டு லிங்க் கூட விட்டு வெட்டுங்க.

கடைசியா பி-ஸ்க்ரூ, ஆர்.டி.யோட இடைவெளியை வைக்கற திருகு. 34-ல செயின் இருக்கறப்ப மேல் புல்லிக்கும் பல்லுக்கும் நடுவுல 5–6 மி.மீ. ஒட்டிட்டு இருந்தா கரகரங்கும். அதிகமா விட்டா மேல சின்னப் பல்லுல ஷிஃப்ட் சோம்பும்.

செலவு சில ஆயிரத்துல முடியும். கார்பன் வண்டியில 11-28 இருந்தா 2 கிலோ குறைஞ்சாலும் அதே 50-லதான் மிதிப்பீங்க, வேணும்னா 51-ன்னு வெச்சுக்கங்க.

#9 – வல்லைவெளி

நல்ல இழை. ஆனால் எல்லாரும் மலையையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். யாழ்ப்பாணத்திலை ஏத்தமே இல்லை, காத்துத்தான் எங்கட மலை. வல்லைவெளி எண்ட திறந்த வெளியாலை சோழகக் காத்துக்கு எதிரா ஓடேக்க இந்தக் கணக்கு வேறை மாதிரி வரும்.

வாட்கணக்கு அண்ணை குடுத்த அதே காத்துத்தடைப் பரப்பு 0.38-ஐ வைச்சுப் பாருங்கோ. 25-இலை ஓடினால் காத்தில்லாத நேரம் காத்துத்தடைக்குப் போறது 73 வாட். எதிர்க்காத்து 20 அடிச்சால் அதே 25-க்கு 237 வாட். உங்கட எஃப்டிபியை விடக் கூட! குனிஞ்சு 0.34 ஆக்கினால் 212. குனிஞ்சு இருந்ததாலை மட்டும் 25 வாட் மிச்சம். 12 கிழமைப் பயிற்சியிலை வாறதாச் சொன்ன 20 வாட்டை விடக் கூட, அதுவும் காசில்லாமல்.

ஆனால் ஒண்டு: குனிஞ்சு ஒரு மணித்தியாலம் இருக்கிறதுக்கு இடுப்பும் பின்தொடையும் இடம் குடுக்க வேணும். ஹூட்ஸைப் (பிரேக் பிடியின்ரை மேல்பக்கம்) பிடிச்சு முன்னங்கையைக் கிடையா வைச்சு 5 நிமிசம், அடுத்த கிழமை 8, அப்பிடித்தான் கூட்ட வேணும். இது கருவியா உடற்பலமா எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் அது.

#10 – கார்பன்காதலன்

எல்லாரும் பழைய காலத்துலயே இருக்கீங்க. எலக்ட்ரானிக் ஷிஃப்டிங், 50 மி.மீ. கார்பன் வீல், செராமிக் பேரிங், பெரிய புல்லி கேஜ், இதெல்லாம் சேர்ந்தா வித்தியாசம் தெரியும் ப்ரோ. ப்ரோ டீம்ஸ் சும்மாவா போடறாங்க?

#11 – பட்டறைக்காரன்

எலக்ட்ரானிக்: வசதி, வாட் இல்லை. சார்ஜ் மறந்தா ஒத்தைக் கியர்.

செராமிக் பேரிங்: நல்லா கிரீஸ் போட்ட ஸ்டீல் பேரிங்குக்கும் அதுக்கும் ரோட்டுல வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்டாண்டுல வெச்சுச் சுத்திக் காட்டினா நிமிஷக்கணக்கா சுத்தும், கண்ணுக்கு விருந்து. அதுல ஆள் உட்கார்ந்திருக்கறதில்லையே.

பெரிய புல்லி: ஓரிரு வாட். அழுக்குச் செயின் அதைவிட அதிகமா தின்னுடும். முதல்ல செயினைக் கழுவுங்க.

50 மி.மீ. வீல்: உண்மையிலேயே பலன் உண்டு, மறுக்கலை. ஆனா 30 கி.மீ. வேகத்துல சில வாட்தான், 45-ல ஓடறவங்களுக்கு அது பெருகும். பக்கவாட்டுக் காத்துல முன் சக்கரம் இழுக்கும், எடை கம்மியா இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். ரிம் பிரேக் கார்பன்ல மலை இறங்கறப்ப பிரேக்கைப் பிடிச்சபடியே வந்தா ரிம் சூடேறி பிசின் இளகும். நீங்க மலையும் ஏறுறவர், இறங்கித்தான் ஆகணும். ஹூக்லெஸ் ரிம்முன்னா (டயரைப் பிடிக்கற கொக்கி விளிம்பு இல்லாதது) இன்னொரு சங்கடம், 5 பாருக்கு மேல, அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல காத்து அடிக்கக் கூடாது. 90 கிலோ மொத்த எடைக்கு 25 மி.மீ. டயர்ல அது பத்தாது.

#12 – புதுச்செயின்

நன்றி எல்லாருக்கும். ஆர்.டி.யைப் பார்த்தேன், எஸ்.எஸ்.தான். 😐

குனிஞ்சு ஓட்டறதைப் பத்தி ஒரு சந்தேகம். குனிஞ்சா தொடை வயித்துல இடிக்குது, ஒரு மணி நேரத்துல முட்டியோட முன்பக்கம் வலிக்குது. உள்தொடை அளவு 81 செ.மீ. சேடில் உயரம் கிராங்க் நடுவிலேருந்து 68.5. கிராங்க் 172.5.

#13 – நாலுமணி_அலாரம்

68.5-ஆ? அப்போ இத்தனை வாட் பேசினது எல்லாம் வீண். மூணு செ.மீ. கிட்ட கீழ உட்கார்ந்திருக்கீங்க. முட்டி மடங்கின நிலையிலயே முழு அழுத்தமும் விழுது, முன்பக்க வலிக்கு முதல் சந்தேகம் அதுதான். தொடை வயித்துல இடிக்கறதும் அதனாலதான், மேல வர்றப்போ முட்டி தேவைக்கு அதிகமா ஏறுது.

முதல்ல 81 சரியான்னு பாருங்க. செருப்பில்லாம சுவத்துல சாஞ்சு, கால் ரெண்டும் 15 செ.மீ. அகலம், ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால் நடுவுல வெச்சு, சேடில்ல உட்கார்ற அழுத்தத்துக்கு மேல தள்ளி, மேல் விளிம்பிலேருந்து தரைக்கு அளக்கணும். மூணு தடவை அளந்து சராசரி. பேன்ட் தைக்கக் கொடுக்கற அளவு இதுக்கு ஆகாது, அது எப்பவும் குறைவா இருக்கும்.

81-ஐ 0.883-ஆல பெருக்கினா 71.5. இது அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பெயர்ல பிரபலமான சூத்திரம், அந்தக் காலத்து தடிமனான ஷூவுக்கும் பெடலுக்கும் வந்தது. இப்போ இருக்கற மெல்லிசான கிளீட்டுக்கு (ஷூவைப் பெடல்ல மாட்டற துண்டு) 3–4 மி.மீ. குறைச்சு 71-ல இலக்கு வைங்க.

ஒரே நாள்ல 25 மி.மீ. ஏத்தாதீங்க! 5 மி.மீ. ஏத்தி ரெண்டு ரைடு, அப்புறம் அடுத்த 5. பெடல் அடியில இருக்கறப்போ முட்டி மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள்ள வரணும். பக்கத்துலேருந்து போன்ல வீடியோ எடுத்து நிறுத்திப் பாத்தா போதும். பின்னாலேருந்தும் ஒரு வீடியோ எடுங்க. இடுப்பு இடவலமா ஆடினாலோ, முட்டியோட பின்பக்கம் வலிச்சாலோ மேல போயிட்டீங்க, 3 மி.மீ. இறக்குங்க. சேடில் ஏறினா ஹேண்டில்பார் தானா தாழ்ந்த மாதிரி ஆகும், கை மரத்துப் போகலாம். அப்போ ஸ்டெம் அடியில ஒரு ஸ்பேசரைக் கூட்டுங்க.

இதுக்கெல்லாம் ஒரு அலன் கீயும் டேப்பும் போதும். வலி மூணு வாரத்துல போகலைன்னா கிளீட்டைப் பார்க்கணும், அப்புறம் பிசியோ.

#14 – வாட்கணக்கு

இதைப் படித்த பின் என் முதல் பதிலைத் திருத்துகிறேன். அவருடைய 204 என்பதே நம்பத்தகுந்த எண் இல்லை. முட்டி மடங்கிய நிலையில் எடுத்த டெஸ்ட் அது. சேடில் ஏறி ஆறு வாரம் கழித்து மறுபடி எடுத்தால்தான் "கால்" எவ்வளவு என்றே தெரியும். நாலுமணி அண்ணன் கொடுத்த வாட் எல்லைகளும் அப்போது மாறும்.

பவர் மீட்டர் (வாட் அளக்கும் கருவி) இடது கிராங்கில் மட்டும் இருப்பதா? அப்படியானால் இடது காலை இரட்டிப்பாக்கிக் காட்டுகிறது. உங்கள் கால்கள் இடது 48%, வலது 52% என்றால் 200-க்கு 192 காட்டும். பயிற்சிக்கு அது பரவாயில்லை, பிழை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடத்தான் உதவாது. வண்டியை எடுக்குமுன் ஒவ்வொரு தடவையும் ஜீரோ ஆஃப்செட் (மீட்டரின் பூஜ்யத்தைச் சரிசெய்வது) செய்யுங்கள். வெயிலில் நிறுத்திவிட்டு எடுத்தாலும் செய்யுங்கள்.

#15 – பழைய_வெலோட்ரோம்

லெமாண்ட் பெயர் வந்துவிட்டதால் ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1989 டூர் டி ஃபிரான்ஸ், கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ. டைம் டிரையல், ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டி. பிரெஞ்சு வீரர் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. லெமாண்ட் டிரையத்லான்காரர்களின் ஏரோ பாரும் கூர்வால் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு வந்தார். ஃபின்யோன் வெறுந்தலை, பின்னால் குதிரைவால் முடி. 58 விநாடி வித்தியாசம். 3,285 கி.மீ. ஓடிய டூரை லெமாண்ட் 8 விநாடியில் வென்றார். ஒரு கைப்பிடியும் ஒரு தொப்பியும்.

#16 – நாலுமணி_அலாரம்

அந்தக் கதையில ஒரு பாதியை விட்டுட்டீங்க. ஃபின்யோனுக்கு அப்போ சேடில் புண், உட்கார முடியாம ஓட்டினார். லெமாண்ட் அன்னிக்கு ஓட்டின சராசரி மணிக்கு 54.5 கி.மீ. ஏரோ பாரை யார் வேணா வாங்கலாம், அது மேல 54 யார் போவாங்க?

#17 – பழைய_வெலோட்ரோம்

சேடில் புண்ணும் கருவிப் பிரச்சினைதானே? சேடில், ஷார்ட்ஸ், க்ரீம். 🙂

இதில் நாம் இருவரும் ஒத்துப்போகப் போவதில்லை. ஆனால் ஃபின்யோனுக்கு 8 விநாடி எவ்வளவு என்று தெரியும்.

#18 – வல்லைவெளி

கூட்டமா ஓடுறதையும் சொல்ல வேணும். முன்னாலை ஒருத்தர் ஓட, 40-இலை பின் சில்லோடை ஒட்டிக்கொண்டு போனால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் மிச்சம். உலகத்திலை எந்த ஏரோ வண்டியும் அவ்வளவு தராது. சனத்துக்குள்ளை பயமில்லாமல் அரை மீற்றர் இடைவெளியிலை ஓடப் பழகிறது காலுக்கும் வண்டிக்கும் அடுத்த மூண்டாவது விசயம். பிரேக்கை அமத்தாமல் கொஞ்சம் நிமிர்ந்து காத்திலை வேகத்தைக் குறைக்கப் பழகுங்கோ. முன் சில்லை ஆற்றையும் பின் சில்லுக்குப் பக்கத்திலை ஒருக்காலும் விடாதேங்கோ. முட்டுப்பட்டால் விழுறது பின்னாலை வாறவர்தான்.

#19 – நாலுமணி_அலாரம்

சாப்பாட்டை யாரும் பேசலை. ஞாயித்துக்கிழமை 3 மணி ரைடுல ரெண்டாவது மணி கடந்ததும் வாட் இறங்கினா அது ஃபிட்னஸ் குறை இல்லை, பட்டினி. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து. 750 மி.லி. பாட்டில்ல 60 கிராம் வெள்ளைச் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. முதல் 20 நிமிஷத்திலேருந்தே வாய் வைக்கணும், பசிச்சப்புறம் குடிச்சா வண்டி கிளம்பினப்புறம் டிக்கெட் எடுக்கற மாதிரி. கடலை மிட்டாய் கொண்டு போறவங்க கவனிங்க, கடலையில கொழுப்பு இருக்கறதால வயித்துல மெதுவாத்தான் இறங்கும். ரைடு முடிஞ்சதும் சாப்பிடுங்க.

எடை குறைக்கணும்னு ரைடுல பட்டினி கிடக்காதீங்க. குறைக்கறதுன்னா வீட்டுல இருக்கற நாள்ல குறைங்க.

#20 – புதுச்செயின்

இப்போதைக்கு என் முடிவு: கார்பன் வண்டி வேண்டாம்னு சொல்லிட்டேன். சேடில் முதல் 5 மி.மீ. ஏத்தியாச்சு. ஜி.எஸ். ஆர்.டி., 11-34, புது செயின், ரெண்டு 28 மி.மீ. டயர். மீதிப் பணம் அப்படியே இருக்கட்டும், 12 வாரம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுத்துட்டுப் பேசறேன்.

கேள்வி ரெண்டு: ஆர்7000 ரிம் பிரேக்ல 28 நுழையுமா? ட்யூப் லேடெக்ஸா, சாதாவா?

#21 – கார்பன்காதலன்

கடைசியில வண்டிக்குத்தானே செலவு பண்றீங்க ப்ரோ 😄

#22 – பட்டறைக்காரன்

பண்றார், ஆனா எடைக்கு இல்லை. வித்தியாசம் இருக்கு.

காலிப்பர் 28-க்கு இடம் கொடுக்கும். இடிக்கறது பெரும்பாலும் ஃப்ரேம், குறிப்பா கிராங்குக்குப் பின்னால செயின்ஸ்டே (பின் சக்கரத்துக்குப் போற கீழ்க் குழாய்கள்) நடுவுல, அப்புறம் முன்னால ஃபோர்க் தலைக்கு அடியில. இப்ப இருக்கற 25-ல முழுக் காத்து அடிச்சு, 5.5 மி.மீ. அலன் கீ இல்லேன்னா டிரில் பிட்டை ரெண்டு பக்கமும், மேலயும் நுழைச்சுப் பாருங்க. தாராளமா போனா 28 போடலாம். அகல ரிம்முல 28-ன்னு எழுதின டயர் 29, 30-ன்னு கூட விரியும், அதையும் மனசுல வைங்க. இடம் பத்தலைன்னா நல்ல 25 போடுங்க, அப்பவும் வயர் பீடைவிட பல மடங்கு மேல்.

காத்து: 28-ல பின்னால 75, முன்னால 70-ல ஆரம்பிச்சு, கை அதிர்ந்தா 3 பி.எஸ்.ஐ. இறக்குங்க. 110 அடிச்சா வேகம் வரும்ங்கறது நம்ம ரோட்டுக்குப் பொய், டயர் துள்ளித் துள்ளி அந்த வாட்டையெல்லாம் உங்க முதுகுக்கு அனுப்பும்.

லேடெக்ஸ் ரெண்டு டயருக்கும் சேர்த்து சில வாட் தரும். ஆனா ராத்திரி அடிச்ச காத்து காலையில கணிசமா இறங்கியிருக்கும், ஒவ்வொரு ரைடுக்கும் பம்ப் எடுக்கணும். ரிம் டேப் சரியில்லைன்னா ஸ்போக் ஓட்டைக்குள்ள பிதுங்கி வெடிக்கும். ரிம் பிரேக்கோட மலை இறங்கற உங்களுக்குச் சூடும் ஆகாது. சாதா ப்யூட்டைல், மெல்லிசு வாங்குங்க.

பழைய கேசட்டைத் தூக்கிப் போடாதீங்க. பழைய செயினை ஸ்கேல்ல வெச்சு 24 லிங்க் அளந்து பாருங்க. புதுசுல 304.8 மி.மீ. 306.3-க்குள்ள இருந்தா 11-ஸ்பீடுக்கு 0.5% தேயலை, அந்த கேசட்டும் நல்லா இருக்கும், சமதள நாளுக்கு 11-28 திரும்பப் போடலாம். ஆனா 34-க்கு வெட்டின செயின் 28-க்குக் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், ஜி.எஸ். அதை இழுத்துக்கும். பி-ஸ்க்ரூ மட்டும் திரும்ப வைக்கணும், எத்தனை திருப்புன்னு சீட்டுல எழுதி வெச்சுக்கங்க.